யாரும் தட்டாத பாட்டு

“அப்பா, நீ தட்டலைன்னா அவங்க யாருக்குமே பாட்டை ஆரம்பிக்கத் தெரியாதா?”

முன்பல் விழுந்த வயதில் மகள் கேட்ட கேள்வி அது. அன்று மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டியின் மேல் அவளை உட்காரவைத்து முழு நிகழ்ச்சியையும் பார்க்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் வண்ண விளக்குகளைப் பற்றிப் பேசவில்லை, கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. இதைத்தான் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

“தெரியும்டா கண்ணு. நான் தட்டினா எல்லாரும் ஒண்ணா ஆரம்பிப்பாங்க, அவ்வளவுதான்.”

“நீ தூங்கிட்டா?”

“தூங்கமாட்டேன்.”

அவர் ஊர் ஊராகப் போகும் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று மோதி நான்கு தட்டு தட்டுவார். அந்த நான்கு தட்டில் பாட்டின் வேகம் அத்தனை பேர் காதிலும் இறங்கிவிடும். அதற்கப்புறம்தான் பாடகர் வாய் திறப்பார், கீபோர்டில் விரல் விழும், கிட்டார் பேசும். குழுவில் அவருக்கு இடி என்று பெயர். அவர் மனைவி அதை முதல்முறை கேட்டபோது, வீட்டில் வாயே திறக்காத மனுஷனுக்கு இப்படியொரு பெயரா என்று சாப்பிட்டது புரையேறச் சிரித்தாள்.

கிட்டார் வாசிக்கும் பெண்ணுக்குக் கம்பி என்று பெயர். ஆளும் ஒல்லி, வேலையும் அதோடுதான். நிகழ்ச்சிக்கு முன் மூலையில் உட்கார்ந்து கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பவளிடம் யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால், “கம்பி எண்ணிட்டிருக்கேன், ஜாமீன் எடுங்க” என்பாள். மேடையில் அவள் இடம் இடது ஓரம், இடிக்கு ஒரு எட்டு முன்னால். அவள் முகத்தை அவர் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம். பாட்டுக்கு முன்னால் அவள் தலை இடப்பக்கமாகக் கொஞ்சம் பின்னால் சாயும். தட்டு வரட்டும் என்று காது காத்திருக்கும் சாய்வு அது. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. இடிக்குத் தெரியும்.

இந்த முறை சுற்றுப்பயணம் பாதியில் நின்றுபோனது. பாடகரின் தொண்டையை மருத்துவர் பூட்டிவிட்டார். ஒரு மாதம் பேசக்கூடக் கூடாது. அந்த நேரம் பார்த்து ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு. குழு வர முடியாது என்று சொன்னதும், யாராவது ஒருத்தராவது வரக்கூடாதா என்று கெஞ்சினார்கள். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, கம்பிதான் கையைத் தூக்கினாள்.

“நான் வேணா போகட்டுமா? எங்கிட்ட நாலஞ்சு பாட்டு இருக்கு.”

அவளிடம் பாட்டு இருக்கிறது என்பதே அன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவள் கிளம்பிப் போனதும் பாடகர் இடியைப் பிடித்து நிறுத்தினார். சுவரெல்லாம் பழைய சமுக்காளம் அடித்த ஒத்திகை அறை அது. வாயால் பேச முடியாததால் செல்போனில் எழுதி எழுதிக் காட்டினார். கோபமான வார்த்தை வந்தால் விரல் கண்ணாடியைக் குத்தும்.

‘நீ போய்ப் பின்னாடி உக்காந்து கேளு. அவளுக்குத் தெரியக் கூடாது.’

“நீங்களே போகலாமே அண்ணா.”

‘என்னைப் பார்த்தா கூட்டம் என் பக்கம் திரும்பிடும். அவளுக்கும் நடுக்கம் வந்துடும். நீ யாருன்னு எவனுக்குத் தெரியும்?’

“ரொம்ப சந்தோஷம்ணா.”

பாடகர் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்துவிட்டு மறுபடி எழுதினார். ‘தேறினான்னா அடுத்த சுற்றுல எல்லா ஊர்லயும் முதல் கால்மணி நேரம் அவ தனியா பாடட்டும். தேறலைன்னா இந்தப் பேச்சே வேணாம். நீ என்ன சொல்றியோ அதான்.’ கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி சேர்த்தார். ‘நேரத்தை எங்கேர்ந்து எடுக்கறதுன்னு அப்புறம் பார்ப்போம்.’

பார்க்க என்ன இருக்கிறது? நிகழ்ச்சி முழுக்க பாடகரின் பாட்டுகள். அதில் ஒன்றைக் குறைக்க அவருக்கு மனசு வராது. இடைவேளைக்கு முன்னால் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போகும்போது இடி மட்டும் தனியாக வாசிப்பார். அந்த நேரத்தில்தான் அவர்மேல் வெளிச்சம் விழும், இப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்று ஜனங்களுக்குத் தெரியும். எடுப்பதென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். பாடகர் அதை எழுதவில்லை. இடியும் கேட்கவில்லை.

கல்லூரிக்குப் போகிற பேருந்தில் அவருக்கு இரண்டு பயம். அவள் சொதப்பிவிடுவாளோ என்று ஒரு பயம். நன்றாகப் பாடிவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் தலையைத் தூக்கும்போதெல்லாம் அவர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மத்தியான வெயில் இன்னும் இறங்கவில்லை. அரங்கத்து ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். எல்லாம் மர நாற்காலிகள். அசைந்தாலே முனகின. அவருக்கு முன்னால் இருந்த வரிசையில் இரண்டு மாணவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“யாருடா வர்றாங்க?”

“அந்தக் குழுவுல ஓரமா ஒரு அக்கா நிப்பாங்களே.”

“அவங்க பாடுவாங்களா?”

“தெரியலை. நான் ஏசிக்காக வந்தேன்.”

“ஏசி ஓடலைடா.”

“அப்ப பாட்டைத்தான் கேட்கணும் போல.”

இடிக்குச் சுருக்கென்றது. பக்கத்து நாற்காலியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், பெரிய கைப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாணவிகள் அவரைக் கடந்து போகும்போது குரலைத் தணித்ததிலிருந்தே தெரிந்தது, விடுதிக் காப்பாளர். அவர் இடியின் கையைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு முன் நாற்காலியின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“ஏன் தம்பி, பாடப்போறது உங்க பொண்ணா?”

“இல்லக்கா. தங்கச்சி மாதிரி.”

“அதான் பார்த்தேன். பரீட்சை முடிவுக்கு நிக்கிறவங்க மாதிரி இருக்கீங்க. ஒரு பிரார்த்தனை பண்ணிக்கிட்டு சும்மா உக்காருங்க. நாற்காலியைப் பாவம் விட்டுடுங்க.”

அவர் கையை மடக்கிக்கொண்டார். நிஜமாகவே வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினார். கடவுளே என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அவள் நன்றாகப் பாடவேண்டும் என்று கேட்பதா? கேட்க வேண்டியது அதுதான். ஆனாலும் நாக்கு ஒரு கணம் தயங்கியது. அந்தத் தயக்கத்தைக் கடவுள் பார்த்துவிட்டிருப்பார் என்று அவருக்குக் காது சூடானது.

விளக்கு அணைந்தது. மேடையில் ஒரு வெளிச்ச வட்டம் மட்டும். கம்பி வந்து அதன் நடுவில் நின்றாள். இத்தனை பெரிய மேடையில் அவள் நடுவில் நின்று இடி பார்த்ததேயில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. வணக்கம் சொன்னாள். கைதட்டல் ஓய்ந்தது. கிட்டாரில் கையை வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றாள்.

தொண்டையைச் செருமுகிறாள் என்று கூட்டம் நினைத்தது. சுருதி பார்க்கிறாள் என்று நினைத்தது. இடிக்குத்தான் விஷயம் புரிந்தது. அவள் தலை இடப்பக்கமாகப் பின்னால் சாய்ந்திருந்தது. காது தட்டுக்காகக் காத்திருந்தது. அவள் பின்னால் வெறும் திரைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏன்டா நிக்கிறாங்க?”

“மைக் போயிடுச்சோ?”

யாரோ ஒருவன் விசில் அடித்தான். இன்னொருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தான். காப்பாளர் அம்மாள் இருட்டிலேயே திரும்பி முறைத்தார். கம்பி உதட்டை நனைத்துக்கொண்டாள். விரல்கள் கிட்டாரின் கம்பிகள்மேல் இருக்கின்றன, அழுத்த மறுக்கின்றன. அந்த விரல்களைப் பார்த்ததும் அவருக்கு அந்த வருஷம் ஞாபகம் வந்தது.

வெளியூரில் தங்கிய விடுதி அறையின் ஈரக் குளியலறையில் வழுக்கி விழுந்து அவர் வலது மணிக்கட்டு வீங்கிப்போன வருஷம் அது. சுற்றுப்பயணம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சொன்னால் வேறு ஆளைப் போடுவார்கள். தற்காலிகமாக வந்த ஆள் திரும்பிப் போனதாக இந்தத் தொழிலில் கதை கிடையாது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மேடை ஏறினார். வலது கையில் பாதி பலம்தான். முதல் பாட்டிலேயே கம்பி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அடுத்த பாட்டுக்குள் அவள் தன் மைக்கைக் கிட்டாரின் வயிற்றருகே இறக்கியிருந்தாள். கம்பியை மீட்டிக்கொண்டே உள்ளங்கையின் அடிப்பகுதியால் மரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அவர் கையில் விழாமல் போன அடியெல்லாம் அங்கே விழுந்தது. அவர் கை தேறும்வரை, ஊருக்கு ஊர், பாட்டுக்குப் பாட்டு, அப்படியே அடித்தாள். பாடகருக்குக்கூடத் தெரியவில்லை. இந்த வருஷம் கிட்டாரில் நல்ல அழுத்தம் என்று பாராட்டினார். அவள் உள்ளங்கை கன்றிக் கறுத்துக் கிடந்தது. நன்றி சொல்ல இடி ஒருநாள் அவள் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தார். “என்னண்ணா, பசிக்குதா?” என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்க அவள் இடமே கொடுக்கவில்லை.

இப்போது அவள் அங்கே நிற்கிறாள். இவர் சும்மா உட்கார்ந்திருப்பதா?

யோசிக்கவேயில்லை. அவர் விரல்கள் முன் நாற்காலியின் முதுகில் விழுந்தன. நான்கு தட்டு. மரம் நன்றாக விளைந்த மரம். சத்தம் அரங்கம் முழுக்கத் தெறித்தது.

கம்பியின் கை பாய்ந்தது. கிட்டார் பேசியது. இடிக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் பாடத் தொடங்கிய இரண்டாவது வரியிலேயே அவருக்கு என்ன செய்துவிட்டோம் என்று புரிந்துவிட்டது. அது மெல்ல நடக்கவேண்டிய பாட்டு. வார்த்தைகள் ஒவ்வொன்றும் மூச்சுவிட இடம் கேட்டன. அவர் தட்டியதோ, குழு எப்போதும் நிகழ்ச்சியைத் தொடங்கும் ஓட்ட வேகம். தெரியாத பாட்டுக்குத் தெரிந்த வேகத்தைத் தட்டிவிட்டார். அவள் கை அந்தத் தட்டுக்கு இத்தனை வருஷமாகக் கீழ்ப்படிந்த கை, அது ஓடியது. குரல் பின்னால் இழுபட்டது. மூன்றாவது வரியில் வார்த்தை தடுக்கியது. நான்காவது வரி வரவில்லை. கிட்டாரும் நின்றது.

“ஐயோ” என்று ஒரு பெண் குரல். ஒன்றிரண்டு சிரிப்பு. இன்னும் பல செல்போன்கள் மேலே எழும்பின, இருட்டில் சின்னச் சின்ன வெளிச்சமாக. ஓரத்தில் நின்றிருந்த பேராசிரியர் ஒருவர் பின்வரிசைக்கு வேகமாக வந்தார்.

“எவன்டா தட்டினது?”

ஏசிக்காக வந்த பையன் எழுந்துவிட்டான். “சார், நான் இல்ல சார். பின்னாடியிருந்து வந்துச்சு சார்.”

பின்னால் இடி தொப்பிக்குள் சுருங்கிக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் இன்னும் முன் நாற்காலியை விடவில்லை. காப்பாளர் அம்மாள் அவரைப் பார்த்தார். பேராசிரியரைப் பார்த்தார். பிறகு தன் மடியிலிருந்த அந்தப் பெரிய கைப்பையை எடுத்து இடியின் மடியில் வைத்தார்.

“இதை ரெண்டு கையாலயும் கெட்டியா பிடிச்சுக்கோங்க. முடியறவரைக்கும் விடக்கூடாது.” பிறகு பேராசிரியரிடம், “நான் பார்த்துக்கறேன் சார். இனிமே சத்தம் வராது” என்றார்.

இடி பையைப் பிடித்துக்கொண்டார். அது கனமாக இருந்தது. உள்ளே சாவிக்கொத்து. எத்தனை அறைச் சாவியோ, அவர் அசைவுக்கு லேசாகக் கிலுகிலுத்தது. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். கடவுளே, அவள் பாடவேண்டும் என்று இப்போது வேண்டினார். இந்தத் தடவை நாக்கு தயங்கவில்லை.

மேடையில் கம்பி மைக்குக்குக் கிட்டே வந்தாள்.

“மன்னிச்சுக்கோங்க. பழக்கதோஷம். யாராவது தட்டினா என் கை ஓடிடும்.”

சிரிப்பு எழுந்தது. இப்போது அதில் முள் இல்லை.

“இது நான் எழுதின பாட்டு. இதுக்கு இதுவரைக்கும் யாரும் தட்டினதில்லை. அதனால எப்படி ஆரம்பிக்கறதுன்னு எனக்கே சரியாத் தெரியலை. கொஞ்சம் பொறுத்துக்குவீங்களா?”

“மெதுவா ஆரம்பிங்கக்கா!” என்று அந்த ஏசிப் பையன் கத்தினான். பேராசிரியர் அவனை உட்காரவைத்தார்.

அவள் கண்ணை மூடினாள். தலை பின்னால் சாயவில்லை. கொஞ்சம் குனிந்தது, கைக்குழந்தையின் மூச்சைக் கவனிக்கிறவள் மாதிரி. அவள் தோள் மெல்ல உயர்ந்தது, இறங்கியது, மறுபடி உயர்ந்தது. அந்த மூச்சின் இறக்கத்தில் முதல் சுரம் விழுந்தது.

இடி பைமேல் தாளத்தைத் தேடினார். அகப்படவில்லை. அவர் ஒருநாளும் தட்டியிருக்க முடியாத வேகம் அது. ஒரு வரி நீண்டு நின்றது, அடுத்தது சட்டென்று கைக்குள் வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. ஒவ்வொரு வீட்டு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வருகிறாள், தன் வீட்டு விளக்கை யாரோ போட்டுவைத்திருக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை. அவ்வளவுதான் பாட்டு. தூக்கிய செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முன்னால் இருந்த பையன்கள் இருவரும் பேச்சை விட்டுவிட்டார்கள். காப்பாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலை முனையால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

இடியின் நெஞ்சில் கட்டிக்கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அடுத்த கணமே வேறொன்று கட்டியது. அவள் தேறிவிட்டாள். எல்லாப் பாட்டையும் பாடி முடித்தபோது பிள்ளைகள் நாற்காலி முனக எழுந்து நின்று தட்டினார்கள். அவரும் தட்டினார். தட்டிக்கொண்டே தன்மேல் விழும் அந்த ஒற்றை வெளிச்சத்தை நினைத்துக்கொண்டார்.

கைப்பையைத் திருப்பிக் கொடுத்தார். “பத்திரமா வெச்சிருந்தேன்க்கா.”

“நீங்க வெச்சிருந்தீங்களா, அது உங்களை வெச்சிருந்துச்சா?” என்றார் அவர். “போயிட்டு வாங்க தம்பி. தங்கச்சி நல்லாப் பாடுது.”

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. கூட்டம் கலையட்டும் என்று அதன் நிழலில் ஒதுங்கினார். செல்போன் அதிர்ந்தது. பாடகர்.

‘நின்னுட்டாளாமே. அங்கேர்ந்து ஒரு ரசிகப் பையன் வீடியோ அனுப்பினான். பாவம். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், இல்லையா?’

கூடவே வீடியோவும் இருந்தது. அவர் ஓடவிட்டார். வேகமாகப் பாய்கிறாள், தடுக்குகிறாள், நிற்கிறாள், அதோடு முடிந்தது. அப்புறம் நடந்தது எதுவும் அதில் இல்லை. தொடக்கத்தில் கேட்ட நான்கு தட்டு மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். சரிண்ணா என்று ஒரு வார்த்தை போதும். அது பொய்கூட இல்லை. அவள் நின்றாள்தானே? இன்னும் ஒரு வருஷம் போனால் என்ன, சின்னப் பெண்தானே என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. இப்படிப்பட்ட நேரங்களில் மனசு எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பேச்சாகவே அனுப்பிவிடலாம் என்று பொத்தானை அழுத்தி, “அண்ணா, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா…” என்று ஆரம்பித்தார்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம். கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு கம்பி நடந்துவந்தாள், சுற்றிலும் நான்கைந்து மாணவிகள்.

“அக்கா, அப்படித் தட்டினது யாருன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“ஒரு டீ வாங்கிக் குடுப்பேன்.”

“கெடுத்தவனுக்கா?”

“அந்தப் பொல்லாத நேரத்துல, பாவம், யாரோ என்னோட சேர்ந்து நின்னிருக்காங்கப்பா. அது போதாதா?”

அவர்கள் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். இடி தொட்டியோடு தொட்டியாக ஒட்டி நின்றார். அவள் குரல் கல்லூரி வாசலைத் தாண்டித் தேய்ந்து மறையும்வரை அசையவில்லை.

பாதியில் நின்ற பேச்சை அழித்தார். மறுபடி பொத்தானை அழுத்தினார்.

“அண்ணா, அந்த வீடியோவை நம்பாதீங்க. அவ நின்னதுக்குக் காரணம் நான். நான்தான் பின்னாடியிருந்து தட்டிக் கெடுத்தேன், வேகம் தெரியாம. நீங்க திட்டுங்க, வாங்கிக்கறேன். அதுக்கப்புறம் அவளே ஆரம்பிச்சு அவளே பாடினா. அரங்கத்துல ஒரு சத்தம் இல்லை. அந்த மாதிரி எடுத்து ஆரம்பிக்க எனக்குத் தெரியாதுண்ணா. நேரத்துக்கு நீங்க மண்டையை உடைச்சுக்க வேணாம். என் தனி வாசிப்பை எடுத்துடுங்க. நான் வந்தேன்னோ, நான் சொன்னேன்னோ அவகிட்ட சொல்ல வேணாம். நீங்களே குடுத்த மாதிரி குடுங்க.”

அனுப்பிவிட்டார். பாடகர் கேட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

‘தட்டினியா? உன்னைச் சும்மா உக்காருன்னுதானே அனுப்பினேன்?’

கொஞ்சம் பொறுத்து: ‘உன் வாசிப்பைக் கேட்டா நீ குடுக்கமாட்டேன்னு நினைச்சேன். ஏன் இப்படி?’

இடி தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார். அதைச் சொல்ல வேண்டியதில்லை. அவளே இன்றுவரை சொல்லவில்லை.

‘பாட்டு நல்லா இருந்துச்சுண்ணா’ என்று எழுதினார்.

‘சரி’ என்று பதில் வந்தது.

தொட்டிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டார். சுற்றிலும் யாரும் இல்லை. அரங்கத்துக்குள் யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.